கேட்கவும் பழக வேண்டும்! (ரேடியோ ஸ்கேனரை இயக்கும் முறை)

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



திண்டுக்கல் வட்டாரத்துக்கு ரேடியோ ஒன்றும் புதிய சங்கதி அல்ல. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலையைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றிய கடைகள் நம் ஊரில் ஏராளம். திருச்சி வானொலியின் 936-ஐ, முள்ளைப் பார்க்காமலே கைப்பழக்கத்தில் பிடித்த தாத்தாக்களும் உண்டு. அந்த ரேடியோக்களில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே திருகுகள். ஒன்று சத்தத்துக்கு, மற்றது ஸ்டேஷனுக்கு. அவ்வளவுதான்.

ஆனால் ‘ஸ்கேனர்’ என்னும் ரேடியோவைக் கையில் வாங்கிப் பார்த்தால், மேலே இரண்டு திருகு, முகத்தில் இருபதுக்கு மேல் பொத்தான்கள். "கால்குலேட்டருக்கு ஆன்டெனா வச்ச மாதிரி இருக்குடி" என்றாள் என் பெஞ்சுத் தோழி. அவள் சொன்னதில் தப்பில்லை. நம் துறையில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கருவியில், அவர் பக்கத்தில் இருக்க, இந்த ஆண்டு சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் நாலைந்து பேர் பழகினோம். "பொத்தான் பேரை மனப்பாடம் பண்ணாதீங்க. அது எந்தக் கேள்விக்குப் பதில்னு மட்டும் பாருங்க" என்பார் சார். அந்த வழியிலேயே இக்கட்டுரையும் செல்கிறது. படித்து முடித்தபின் எந்த ஸ்கேனரைப் பார்த்தாலும் உங்களுக்குப் பயம் வராது என்று நம்புகிறேன்.

ஸ்கேனர் என்றால் என்ன?

சாதாரண ரேடியோ நாம் வைத்த இடத்தில் நிற்கும். ஸ்கேனர் தானே நகரும். இரவில் கடைவீதிக் காவல்காரர் ஒவ்வொரு கடைப் பூட்டையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டே போவாரே, அது போல. பூட்டு பூட்டியிருந்தால் அடுத்த கடை. திறந்திருந்தால் அங்கேயே நிற்பார். பூட்டுக்குப் பேர் போன நம் ஊருக்கு இதை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஸ்கேனரும் அப்படியே. ஒரு அதிர்வெண்ணில் ஒரு நொடியின் சிறு பகுதி மட்டும் காது வைக்கும். யாரும் பேசவில்லை என்றால் அடுத்ததற்குப் போகும். பேசினால் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி கிளம்பும்.

உள்ளே இருப்பது நாம் பாடத்தில் படிக்கும் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர்தான். 1918-இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்த அதே தத்துவம். வரும் அலையோடு லோக்கல் ஆசிலேட்டரின் அலையைக் கலந்து, ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருவது. தொடக்க கால ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி கிரிஸ்டல் வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. எட்டு சேனல் என்றால் எட்டு கிரிஸ்டல். பிறகு பி.எல்.எல். சிந்தசைசரும் மைக்ரோபிராசசரும் வந்தன. பொத்தானில் எண்ணை அடித்தாலே ஆசிலேட்டர் அந்த அதிர்வெண்ணுக்குப் போய்விடும். பி.எல்.எல். சர்க்யூட்டைப் பரீட்சைக்காக வரைந்துவிட்டு மறந்துபோகும் நண்பர்கள் கவனிக்க: அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க, காதால் கேட்க இதைவிட நல்ல கருவி இல்லை.

முதல் கேள்வி: எங்கே கேட்பது?

இதற்குப் பதில் ‘மேனுவல்’ பொத்தானும் எண் பொத்தான்களும். மேனுவலை அழுத்தி, 1 0 0 புள்ளி 5 என்று அடித்து, ‘என்டர்’ கொடுத்தால் கொடைக்கானல் வந்துவிடும். பழக ஆரம்பிப்பவர்கள் இந்த அதிர்வெண்ணிலேயே ஆரம்பிக்கலாம். நம் ஊரில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் அது.

ஏன் நன்றாகக் கிடைக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த உயர் அதிர்வெண்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. உயரம் எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் தோராயமாகக் கிலோமீட்டரில் வரும். கொடைக்கானல் நம் சமவெளியை விடச் சுமார் 1800 மீட்டர் மேலே இருக்கிறது. 1800-இன் வர்க்கமூலம் 42.4. நாலால் சொச்சம் பெருக்கினால் 175 கிலோமீட்டர். ஒரே நிலையத்தைத் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இன்னும் பல மாவட்டங்களிலும் கேட்க முடிவதன் ரகசியம் இதுதான். மலைதான் நம் டவர்.

ஆன்டெனாவும் இதே கேள்வியைச் சேர்ந்தது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100.5-க்கு ஏறத்தாழ 2.99 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அமெச்சூர்கள் பயன்படுத்தும் 145-க்கு அலைநீளம் 2.07 மீட்டர், கால் பங்கு 52 சென்டிமீட்டர். கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா இதைச் சுருட்டிச் சுருக்கியது. கைக்கு வசதி, காதுக்குக் கொஞ்சம் நஷ்டம். பாயின்ட்-டூ-பாயின்ட் வயரில் 52 சென்டிமீட்டர் வெட்டி ஒன்றும், கீழே நாலு வயர் விரித்து ஒன்றுமாக லேபில் நாங்களே கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா செய்தோம். செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் குறைவு. வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

இரண்டாம் கேள்வி: எந்த முறையில் கேட்பது?

‘மோட்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்த அழுத்த ஏ.எம்., நேரோ எஃப்.எம்., வைடு எஃப்.எம். என மாறும். பண்பலை நிலையங்கள் வைடு எஃப்.எம். அவற்றின் அதிர்வெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். வாக்கி டாக்கிப் பேச்செல்லாம் நேரோ எஃப்.எம். அதன் விலகல் 5 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் குறைவு. கொடைக்கானலை நேரோவில் வைத்தால் பாட்டு நொறுங்கிப்போய்க் கரகரவென்று வரும். வாக்கி டாக்கிப் பேச்சை வைடில் வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் சன்னமாக இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். டீவியேஷன் என்ற சொல்லுக்கு அப்புறம் விளக்கமே தேவைப்படாது.

விமானங்கள் மட்டும் இன்றைக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ.எம்.-இல்தான் பேசுகின்றன. எஃப்.எம். இவ்வளவு தெளிவாக இருக்க, இது ஏன் என்று வகுப்பில் கேட்டோம். காரணம் அருமையானது. எஃப்.எம்.-இல் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை அப்படியே விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசியதே தெரியாது. ஏ.எம்.-இல் இரண்டும் மோதி ‘கீ’ என்று சத்தம் கேட்கும். செய்தி புரியாவிட்டாலும், இன்னொருவர் கூப்பிட்டார் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தெளிவை விட இதுதான் முக்கியம்.

மூன்றாம் கேள்வி: எதைக் கேட்காமல் இருப்பது?

நண்பர்களே, ஸ்கேனரின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மேலே உள்ள இரண்டு திருகுகளில் ஒன்று வால்யூம். மற்றது ‘ஸ்குவெல்ச்’. இதைப் புரிந்துகொண்டவர் ஸ்கேனரைப் புரிந்துகொண்டவர். மற்றவை எல்லாம் வெறும் பொத்தான்கள்.

யாரும் பேசாத அதிர்வெண்ணில் எஃப்.எம். ரிசீவர் அமைதியாக இருக்காது. ‘உஸ்ஸ்’ என்று இரையும். மழைக்காலத்தில் குடகனாறு ஓடுகிற சத்தம் போல. அந்த இரைச்சலை அடைக்கும் கதவுதான் ஸ்குவெல்ச். அது வேலை செய்யும் விதம் சுவையானது. பேச்சுக்கு வேண்டியது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள்தாம். இரைச்சலோ அதற்கு மேலும் பரவிக் கிடக்கும். ஒரு ஃபில்டர் அந்த மேல் பகுதி இரைச்சலை மட்டும் பிரித்து அளக்கிறது. இரைச்சல் அதிகம் என்றால் ‘சிக்னல் இல்லை’ என்று பொருள், ஸ்பீக்கரை மூடிவிடும். சிக்னல் வந்ததும் இரைச்சல் அடங்கும், கதவு திறக்கும். அதாவது கருவி பேச்சைத் தேடுவதில்லை. இரைச்சல் எப்போது குறைகிறது என்றே காத்திருக்கிறது!

இதை வைக்கும் முறை:

ஒன்று: யாரும் பேசாத அதிர்வெண்ணுக்குப் போங்கள். ஸ்குவெல்ச்சை இடது கோடிக்குத் திருப்புங்கள். இரைச்சல் முழுதாகக் கேட்கும்.

இரண்டு: வால்யூமை அளவாக வையுங்கள்.

மூன்று: ஸ்குவெல்ச்சை வலது பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று நிற்கும். அதற்கு மேல் ஒரு நூலளவு. அதோடு நிறுத்துங்கள்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. ஸ்குவெல்ச் திறந்தே கிடந்தால் ஸ்கேன் ஓடவே ஓடாது. ஏனென்றால் கதவு திறந்திருப்பதைத்தான் கருவி ‘பேச்சு வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. காவல்காரர் முதல் கடையிலேயே நின்றுவிட்டார் என்று வையுங்கள். "ஸ்கேனர் ரிப்பேர்" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. இன்னொரு பக்கம், ஸ்குவெல்ச்சை இறுக்கி வைத்தால் பலமான சிக்னல்கள் மட்டும் கேட்கும். தூரத்திலிருந்து வரும் சன்னமான குரல் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அது வந்ததே நமக்குத் தெரியாது. கருவியும் சொல்லாது. இரண்டில் இதுவே பெரிய ஆபத்து. சந்தேகம் வந்தால் திருகைத் திறந்து, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வீட்டில் ஒருநாள் இந்த ஸ்குவெல்ச்சை விளக்கிச் சொன்னேன். உடனே அவர், "ஏத்தா, இதுக்குப் படிக்கவா போகணும்? மார்க்கெட்டுல எல்லாச் சத்தத்தையும் காதுல வாங்குனா பைத்தியந்தேன் பிடிக்கும். ஏலக்காரன் சத்தம், லாரி ஆரன் எல்லாம் ஒரு பக்கம் ஓடும். நம்ம பேரைச் சொன்னா மட்டும் காது தொறக்கும். ரொம்ப அடைச்சுக்கிட்டாலும் பொழப்பு போயிரும்" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். ஆனால் த்ரெஷோல்டு என்கிற பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை.

நான்காம் கேள்வி: எப்படித் தேடுவது?

இங்கே இரண்டு பொத்தான்கள். ‘ஸ்கேன்’ என்பது நாம் மெமரியில் போட்டு வைத்த சேனல்களை மட்டும் சுற்றி வரும். ‘சர்ச்’ என்பது கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டைக் கொடுத்தால் நடுவில் உள்ள அனைத்தையும் தடவிப் பார்க்கும். தெரிந்த வீடுகளுக்குப் போய் வருவது ஸ்கேன். தெரு முழுக்கக் கதவு தட்டுவது சர்ச்.

சர்ச்சில் ‘ஸ்டெப்’ மிக முக்கியம். ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் தாண்டுவது என்பது ஸ்டெப். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இரண்டு மீட்டர் அமெச்சூர் அலைவரிசை. 5 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப் வைத்தால் 400 தாண்டல். 12.5 வைத்தால் 160. நொடிக்கு 50 தாண்டும் கருவி என்றால், முதலாவதற்கு ஒரு சுற்றுக்கு 8 நொடி, இரண்டாவதற்கு 3.2 நொடி. அப்படியானால் பெரிய ஸ்டெப்பே நல்லதா? அதுவும் இல்லை. வைடு எஃப்.எம்.-இல் 88.0-இல் தொடங்கி 200 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் தேடினால் 100.4, அடுத்து 100.6. நம் கொடைக்கானல் 100.5 நடுவில் சரியாகச் சிக்காமல் போகலாம்! 88.1-இல் தொடங்கினால் அதே ஸ்டெப்பில் சரியாக வந்து நிற்கும். தொடங்கும் இடமும் ஸ்டெப்பும் சேர்ந்தே கணக்கு. காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பொத்தானைத் தொடுவது நல்லது.

மற்ற சில பொத்தான்களும் இந்தக் கேள்விக்கு உதவியாக வருபவை. ‘லாக்-அவுட்’: சும்மா இரைந்துகொண்டே இருக்கும் சேனலைச் சுற்றிலிருந்து விலக்கி வைப்பது. கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் இப்படி ஓயாத இரைச்சல் தரும். ‘டிலே’: பேச்சு முடிந்ததும் இரண்டு நொடி பொறுத்து நகர்வது. இது இல்லாவிட்டால் கேள்வியைக் கேட்போம், பதில் வருவதற்குள் கருவி கிளம்பிவிடும். ‘பிரையாரிட்டி’: எங்கே நின்றாலும் சில நொடிக்கு ஒருமுறை முக்கியமான ஒரு சேனலை எட்டிப் பார்த்துவிட்டு வருவது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திண்ணையில் பேசும் அம்மாவைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை.

ஐந்தாம் கேள்வி: கேட்பது நிஜமா?

இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நிலையம் கேட்டால் உடனே நம்பிவிடக் கூடாது. சூப்பர்ஹெட்டரோடைனுக்கு ‘இமேஜ்’ என்னும் நோய் உண்டு. இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ் உள்ள கருவியில், உண்மையான நிலையத்திலிருந்து அதன் இரு மடங்கு, அதாவது 21.4 தள்ளி ஒரு நிழல் விழலாம். கணக்கைப் பாருங்கள். கருவியை 121.9-இல் வைக்கிறோம், ஆசிலேட்டர் 10.7 கீழே, 111.2-இல் ஓடுகிறது. 111.2-இலிருந்து இன்னொரு 10.7 கீழே என்ன இருக்கிறது? 100.5. நம்ம கொடைக்கானல்! முன்னால் உள்ள ஃபில்டர் சரியில்லாத கருவி என்றால், விமான அலைவரிசையில் சினிமாப் பாட்டு கேட்கும். விமானி பாட்டுப் போடவில்லை. நம் கருவி ஏமாந்திருக்கிறது.

பலமான சிக்னல் கருவியைத் திணறடித்தும் இது போன்ற போலிகள் பிறக்கும். அதற்கு மருந்து ‘அட்டெனுவேட்டர்’. பல கருவிகளில் அது 20 டெசிபெல். உள்ளே வரும் திறனை நூற்றில் ஒரு பங்காக்கிவிடும். அதைப் போட்டதும் போலி காணாமல் போய், உண்மையான சிக்னல் மட்டும் கொஞ்சம் மெலிந்து நின்றால், திணறல்தான் காரணம் என்று முடிவு கட்டலாம்.

ஆறாம் கேள்வி: யாருடையதைக் கேட்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஸ்கேனரில் பொத்தான் கிடையாது. நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

நான் இந்தக் கருவியைப் பற்றி வீட்டில் பேசிய அன்றே என் அம்மா கேட்டது இதைத்தான். அம்மா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. "அடுத்தவங்க பேசுறதக் கேட்டா போலீஸு பிடிக்காதா பாப்பா? கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா அப்புறம் கவர்மெண்ட் வேலைக்கு அம்புட்டுத்தான்." நம்மில் பலருடைய வீட்டில் இதே பயம் இருக்கும். அது நியாயமான பயம்.

நம் நாட்டில் ரேடியோவுக்குச் சட்டம் பழையது. 1885-இன் தந்திச் சட்டம், 1933-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின் கீழ் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி வந்தார்கள். வீட்டில் வயதானவர்களைக் கேட்டால் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார்கள். பொதுமக்களுக்கான ஒலிபரப்பைக் கேட்க அந்த லைசென்ஸ் 1980-களில் நீங்கியது. ஆனால் நமக்காக ஒலிபரப்பப்படாத செய்தி வேறு விஷயம். போலீஸ், தீயணைப்பு, விமானம் ஆகியோர் பேசிக்கொள்வது அவர்களுக்குள். 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 42-ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய செய்தியைச் சட்டத்துக்குப் புறம்பாக இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது.

கடையில் விற்கிறதே, வாங்கினால் என்ன என்று கேட்கலாம். விற்பனைக்கு வருவதாலேயே அது அனுமதி பெற்றதாகிவிடாது. உரிய அனுமதி இல்லாத வாக்கி டாக்கிகளை இணையத்தில் விற்றது தொடர்பாக 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டில் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. லைசென்ஸ் இல்லாமல் பேச விரும்புவோருக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கொண்ட, அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்கு 2018-இல் வழி திறந்துவிடப்பட்டது. எனவே ஆசைப்பட்டு மலிவாக ஒன்றை வாங்கி, கண்ட பொத்தானை அழுத்தி, வீட்டாரைக் கலங்க வைக்க வேண்டாம். உரிமம் உள்ளவரிடம், அவர் முன்னிலையில் பழகுங்கள். பிறகு நீங்களே உரிமம் எடுங்கள்.

இதனால் என்ன பயன்?

"வேலை கிடைக்குமா?" என்பது நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி. ஃபில்டர், மாடுலேஷன், பி.எல்.எல்., ஆன்டெனா, டெசிபெல் ஆகிய ஐந்து பாடங்களையும் கையால் தொட்டுப் படித்தவருக்கு நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. அது ஒரு பயன். அதைவிடப் பெரியதும் உண்டு.

2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் குழுவினரும் அந்தமானில் அமெச்சூர் நிலையம் அமைத்திருந்தார்கள். அழைப்புக்குறி வி.யு.4ஆர்.பி.ஐ. உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு பேசுவதற்காகப் போனவர்கள் அவர்கள். டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்தன. அப்போது பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிகளே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தன. இன்னார் பிழைத்திருக்கிறார் என்ற ஒரு வரிச் செய்திக்காகக் காத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். நம் பக்கமும் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாகக் கடந்து போனதை நாம் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள்தாமே. மின்சாரம் போய், செல்போன் கோபுரம் செத்துவிட்டால், பேட்டரியும் ஆன்டெனாவும் பழகிய காதும் உள்ளவர்தான் ஊருக்குத் தேவை. அப்போது வரும் குரல் பலமாக இருக்காது. சன்னமாகத்தான் இருக்கும். ஸ்குவெல்ச்சை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது கேட்கும்.

வானத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் கார்ட்டோசாட்-1 உடன் ‘ஹாம்சாட்’ என்ற 42.5 கிலோ துணைக்கோளையும் ஏற்றிச் சென்றது. இந்திய அமெச்சூர்களுக்காக இஸ்ரோ செய்தது அது. 2014 வரை வேலை செய்தது. சர்வதேச விண்வெளி நிலையம் அமெச்சூர்களுக்காக 145.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புவது உண்டு. அது தலைக்கு மேல் கடக்கும் நேரம் அதிகபட்சம் ஏறத்தாழப் பத்து நிமிடம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் என்பதால் டாப்ளர் விளைவில் அதிர்வெண் வரும்போது சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் ஏறியும், போகும்போது அதே அளவு இறங்கியும் தெரியும். மொட்டை மாடியில் நாங்கள் செய்த 52 சென்டிமீட்டர் ஆன்டெனாவில் அந்தச் சிக்னல் வந்து, ஸ்குவெல்ச் தானே திறந்தபோது ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "ஒயரு நாம வெட்டுனதுடி" என்றாள் என் தோழி.

உரிமம் பெறுவது எப்படி?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு ‘அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர் சான்றிதழ்’ தேர்வை நடத்தி வந்திருக்கிறது. திருத்தப்பட்ட 1978-இன் விதிகளில் குறைந்தபட்ச வயது 12. தரம் இரண்டு. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. அவர்கள் அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரலுக்கு வி.யு.2. பாடம் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ தத்துவம், மற்றது விதிமுறைகள். முதல் பகுதியில் பெரும்பாலானதை நாம் இரண்டாம் ஆண்டிலேயே படித்துவிட்டோம். ஓம் விதி, எல்.சி. சர்க்யூட், மாடுலேஷன், ஆன்டெனா. விதிமுறைகள் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்குமுன் துறையின் ‘சரல் சஞ்சார்’ இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

நண்பர்களே! ஸ்கேனர் விலை உயர்ந்த கருவிதான். நம்மில் பலரால் இப்போது வாங்க முடியாது. எனக்கும் முடியாது. ஆனால் அதைப் பழகத் தேவையானது பணம் அல்ல, பொறுமை. எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, எதை விலக்குவது, எதை நம்புவது, எது நமக்கானது அல்ல. இவ்வளவுதான் அத்தனை பொத்தான்களும். ரேடியோவில் பேச மைக் ஒன்று போதும். கேட்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டும் சனிக்கிழமை மதியம் கம்யூனிகேஷன் லேப் திறந்திருக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். எந்தத் துறை மாணவரும் வரலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் வந்தால் ஆன்டெனாவுக்குக் கம்பம் நட்டுக் கொடுக்கலாம். சிவில் நண்பர்கள் மொட்டை மாடி தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். நாங்கள் ஐந்து பேர் படித்து முடித்துவிட்டு வெளியே போகிறோம். நாங்கள் எழுதிய நோட்டும், அந்த ஆன்டெனாவும் லேபிலேயே இருக்கும். எடுத்துப் பழகுங்கள், நன்றாகக் கேளுங்கள்.